ரெசின் விமான மாதிரி கட்டுதல்: முதல் கழுவலிலிருந்து கடைசிப் பூச்சு வரை, சேலம் வெயிலுக்கும் ஏற்காடு பனிமூட்டத்துக்கும் ஏற்ற முழுமையான வழிகாட்டி

பிளாஸ்டிக் மாதிரிகள் இரண்டு மூன்றைக் கட்டி முடித்துவிட்டு முதன்முறையாக ரெசின் பெட்டியை, அதாவது அச்சில் ஊற்றி வார்த்த ரெசின் பகுதிகள் கொண்ட பெட்டியை, திறப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வேலையில் புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் கைத்திறன் போதாமையால் அல்ல, படிகளின் வரிசை மாறிவிடுவதால்தான். பிளாஸ்டிக்குக்கான பசை இரு பகுதிகளின் ஓரங்களையும் கரைத்து ஒன்றாக்குகிறது. ஒட்டிய பிறகும் சற்று நகர்த்திச் சரிசெய்ய நேரம் தருகிறது. பாலியூரித்தேன் ரெசினை அந்தப் பசை தொடவே தொடாது. சூப்பர் குளுவோ எபாக்சியோதான் பிடிக்கும் என்பதால், பசையைத் திறப்பதற்கு முன்பே எல்லாப் பொருத்தமும் முடிந்திருக்க வேண்டும். எடுத்துக்காட்டு தேவைப்படும் இடங்களில், இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் கட்டிய மாருத் போர் விமானத்தை 1/72 அளவில் எடுத்துக்கொள்கிறேன்.

1. பெட்டியைத் திறந்ததும் செய்யும் சோதனை

எதையும் அறுப்பதற்கு முன், எல்லாப் பகுதிகளையும் வெள்ளைத் துணியின் மேல் பரப்பி, குறிப்புத்தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பகுதி குறைந்திருந்தாலோ உடைந்திருந்தாலோ அன்றே படம் எடுத்துத் தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். வேலையைத் தொடங்கிய பிறகு கேட்டால், குறை பெட்டியில் இருந்ததா, உங்கள் கையில் ஏற்பட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்து அளவு. உண்மையான மாருத்தின் நீளம் 15.87 மீட்டர், இறக்கை அகலம் 9 மீட்டர். 72ஆல் வகுத்தால் மாதிரி ஏறக்குறைய 220 மில்லிமீட்டர் நீளமும் 125 மில்லிமீட்டர் அகலமும் இருக்க வேண்டும். ரெசின் இறுகும்போது சிறிது சுருங்குவதால் மொத்த நீளத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைவது கவலைக்குரியதல்ல. இடது இறக்கைக்கும் வலது இறக்கைக்கும் இடையே வேறுபாடு இருந்தால் அது கண்ணில் உறுத்தும். அதை இப்போதே குறித்துவையுங்கள்.

புகைப்படங்களையும் இந்தக் கட்டத்திலேயே திரட்டிக்கொள்ளுங்கள். பெங்களூரில் உள்ள இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் அருங்காட்சியகத்தில் மாருத் நிற்கிறது. சேலத்திலிருந்து காலையில் கிளம்பினால் இரவுக்குள் திரும்பிவிடலாம். சக்கரக் குழிகள், கால்களின் அமைப்பு, காற்று உள்வாயின் ஓரத் தடிமன் ஆகியவற்றை அங்கே படமெடுத்துக்கொள்வது மிகப் பயன்படும். வண்ணத்துக்கு மட்டும் காட்சி விமானத்தை நம்பாதீர்கள். அவை மறுபடி மறுபடி வண்ணம் பூசப்படுபவை. அந்த விமானம் பணியிலிருந்த காலத்துப் படங்களே சரியான சான்று.

2. கருவிகளும் அவை கிடைக்கும் இடமும்

சேலத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. செவ்வாய்ப்பேட்டைப் பகுதியில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில், நமக்குத் தேவையான பாதிக் கருவிகள் கிடைத்துவிடும்: ஊசி அரம், கூர்முனைச் சாமணம், மிக மெல்லிய ரம்பத் தகடு, அரை மில்லிமீட்டரிலிருந்து தொடங்கும் டிரில் பிட்டுகள், அவற்றைப் பிடிக்கும் பின் வைஸ், பித்தளைக் கம்பி. கருவியின் பெயர் தெரியாவிட்டால் தயங்க வேண்டியதில்லை. கம்பித் துண்டைக் கையில் கொண்டுபோய், "அண்ணா, இந்தக் கம்பி போற அளவுக்கு ஓட்டை போடற பிட்டு வேணுங்க" என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

வாட்டர் பேப்பர் 400, 600, 1000, 1500 ஆகிய எண்களில் கார் பெயின்ட் கடையில் கிடைக்கும். மேற்பரப்பை நிரப்பும் என்.சி. பட்டியும் அங்கேயே வாங்கலாம். பசையில் நான்கு வகை தேவை: நீர்போல ஓடும் சூப்பர் குளு, கெட்டியான சூப்பர் குளு, மெதுவாக இறுகும் அரால்டைட் (எபாக்சி என்று சொல்வது இதைத்தான்), ஃபெவிகால். ஒவ்வொன்றுக்கும் தனி வேலை இருப்பதால், ஒன்றைக் கொண்டு மற்றொன்றின் வேலையைச் செய்ய முயல வேண்டாம்.

3. தூசி

ரெசின் தூசி மிக நுண்மையானது. மூச்சுக்குழாயையும் நுரையீரலையும் உறுத்தக்கூடியது. ஆகவே தேய்ப்பு வேலை முழுவதையும் தண்ணீரில் நனைத்தே செய்யுங்கள். அறுக்கும்போதும் துளையிடும்போதும் என் 95 முகக்கவசம் அணியுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், அது தூசியை வீடு முழுக்கப் பரப்பும். மேசையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். சிறு குழந்தைகள் உறங்கும் அறையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளவே கூடாது.

4. கழுவுதல்

வார்ப்பு அச்சிலிருந்து பகுதி எளிதில் கழன்று வருவதற்காக, அச்சினுள் ஒரு வழுக்குப் பொருள் பூசப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம் பகுதியின் மேல் மிச்சமிருந்தால் பசையும் பிடிக்காது, வண்ணமும் பிடிக்காது. புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் படி இதுதான். அதன் விளைவு பல வாரங்கள் கழித்து, மறைப்பு டேப்பை உரிக்கும்போது வண்ணமும் சேர்ந்து உரிந்து வருகையில்தான் தெரியும்.

வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, பழைய பல் துலக்கியால் எல்லாக் குழிவுகளையும் தேயுங்கள். கொதிநீர் வேண்டாம், மெல்லிய பகுதிகள் வளைந்துவிடும். சிறு பகுதிகளை டீ வடிகட்டியில் போட்டுக் கழுவினால் தொட்டிக்குள் போய்விடாது. சேலத்தின் பல பகுதிகளில் போர் தண்ணீரில் உப்பு மிகுதி. அது உலரும்போது வெண்மையான படிவை விட்டுச் செல்லும். கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரிக்கு ஊற்றும் வாலைவடிநீரைப் பயன்படுத்துங்கள். பிறகு விசிறி அடியில் உலரவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

5. வார்ப்புக் கட்டையை அறுத்தல்

ரெசின் பகுதிகள் ஒவ்வொன்றும் ஒரு தடித்த கட்டையோடு சேர்ந்தே வரும். அச்சுக்குள் ரெசினை ஊற்றிய வழி அது. இந்தக் கட்டையை நீக்கும் விதத்தில்தான் பாதி மாதிரி உருவாகிறது அல்லது பாழாகிறது. அதனால் இங்கே நிதானமாகச் சொல்கிறேன்.

மாருத்தின் இறக்கையை எடுத்துக்கொள்வோம். முதலில் இறக்கைக்கும் கட்டைக்கும் இடையிலான எல்லையைப் பென்சிலால் குறியுங்கள். அந்தக் கோட்டிலிருந்து கட்டையின் பக்கமாக ஒரு மில்லிமீட்டர் தள்ளி மற்றொரு கோடு போடுங்கள். ரம்பம் இந்த இரண்டாவது கோட்டில்தான் போக வேண்டும். கோட்டின் மேல் கத்தி முனையால் மூன்று நான்கு முறை மெல்லக் கீறிப் பள்ளம் ஏற்படுத்தினால் ரம்பம் வழுக்காது. கையால் கட்டையைப் பிடியுங்கள், இறக்கையைப் பிடிக்காதீர்கள். இறக்கையை இறுகப் பிடித்தால் பின்விளிம்பு விரலுக்கடியில் நொறுங்கும். பாதித் தடிமன் வரை ஒரு பக்கமிருந்து அறுத்துவிட்டுத் திருப்பி, மறுபக்கமிருந்து மீதியை அறுங்கள். ரம்பத்தை அழுத்தாமல் அதன் சொந்த எடையிலேயே இழுக்க வேண்டும்.

கடைசி இழை மிச்சமிருக்கும்போதுதான் பலரும் பொறுமை இழந்து உடைத்து எடுக்கிறார்கள். அப்படி உடைத்தால், கட்டை போகும்போது இறக்கையின் ஓரத்திலிருந்து ஒரு சில்லைப் பிடுங்கிக்கொண்டு போகும். அந்த இழையையும் அறுத்தே எடுங்கள்.

மிச்சமிருக்கும் ஒரு மில்லிமீட்டரைக் கண்ணாடித் துண்டின் மேல் பரப்பிய 400 எண் வாட்டர் பேப்பரில் நீர்விட்டுத் தேயுங்கள். நான்கைந்து இழுப்புக்கு ஒருமுறை நிறுத்தி, ஓரம் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். ரெசின் பிளாஸ்டிக்கைவிட விரைவாகத் தேய்ந்துபோகும். சக்கரக் கதவுகள் போன்ற மெல்லிய பகுதிகளுக்கு ரம்பம் வேண்டாம். புதிய பிளேடால் ஒரே கோட்டில் பலமுறை கீறினால் தானே பிரிந்துவிடும்.

6. வளைவை நிமிர்த்துதல்

இறக்கை வளைந்திருந்தால் அதைக் குறையென்று எண்ண வேண்டியதில்லை. ரெசின் சூட்டில் இளகி, குளிரில் இறுகும். கைபொறுக்காத அளவு சூடான, ஆனால் கொதிக்காத நீரில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை அமிழ்த்தி எடுத்து, சமமான கிரானைட் பலகையின் மேல் வைத்து நிமிர்த்தி, அப்படியே பிடித்தபடி குளிர்ந்த நீரை ஊற்றுங்கள். ஒரே முறையில் நிமிராவிட்டால் மீண்டும் செய்யலாம். இளகாத நிலையில் கையால் வளைத்தால் முறிந்துவிடும்.

இதே குணம் நமக்கு எதிராகவும் வேலை செய்யும். ஏப்ரல், மே மாதங்களில் தகரக் கூரையின் கீழோ, வெயிலில் நிறுத்திய வண்டிக்குள்ளோ வைத்த பகுதிகள் மறுபடியும் வளைந்துவிடும். நிமிர்த்திய இறக்கையைச் சமமான பெட்டிக்குள், நிழலான அறையில் வையுங்கள்.

7. காற்றுத் துளைகளும் பசையின் போக்கும்

மேற்பரப்பில் ஊசிமுனை அளவு துளைகள் தென்பட்டால், அவற்றை அப்படியே நிரப்ப முயலாதீர்கள். மெல்லிய தோலுக்கடியில் பெரிய குமிழி ஒளிந்திருக்கலாம். ஊசியால் குத்தித் துளையை முழுவதும் திறந்துவிட்டு, பிறகு நிரப்புங்கள். இதற்குச் சூப்பர் குளுவையும் முகப்பவுடரையும் குழைத்த கலவை மிக நன்றாகப் பொருந்துகிறது; பவுடர் கலப்பதால் தேய்ப்பதற்கு எளிதாகிறது. ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். மறுநாள் வரை விட்டால் அது ரெசினைவிடக் கடினமாகி, சுற்றியுள்ள ரெசின் தேய்ந்து கலவை மட்டும் மேடாக நிற்கும்.

சூப்பர் குளு காற்றின் ஈரத்தால் இறுகுவது. சேலத்தின் வறண்ட கோடையில் அது தாமதமாகப் பிடிக்கும். ஏற்காட்டில் பனிமூட்டம் இறங்கியிருக்கும் நாளில் தொட்ட கணமே பிடிப்பதோடு, சுற்றிலும் வெண்புகை படிந்ததுபோல ஒரு பூச்சையும் விடும். மலையில் இருப்பவர்கள் பொருத்தம் பார்க்காமல் பசை வைத்தால், திருத்த ஒரு நொடிகூடக் கிடைக்காது. திறக்காத பசையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தால், அறை வெப்பத்துக்கு வந்த பிறகே மூடியைத் திறங்கள். இல்லையென்றால் உள்ளே நீர்த்துளி படிந்து குப்பி முழுவதும் வீணாகும்.

8. பசையின்றிப் பொருத்துதலும் கம்பி ஊசிகளும்

உடல், இறக்கை, வால் ஆகிய எல்லாவற்றையும் மறைப்பு டேப்பால் மட்டும் இணைத்து, முழு விமானமாக நிறுத்திப் பாருங்கள். இடைவெளி எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் தேய்க்க வேண்டும் என்பதை இந்த நிலையிலேயே கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு ஒரு மாலை முழுவதும் செலவானாலும் அது வீண் அல்ல.

ரெசின் இறக்கையை வெறும் பசையில் ஒட்டினால், சிறு தட்டலில்கூட மூட்டு விடுபட்டுவிடும். அதற்காகத்தான் பித்தளைக் கம்பி. 1/72 அளவில் இறக்கைக்கு 0.8 மில்லிமீட்டர் கம்பி இரண்டும், வால் இறக்கைக்கு 0.5 மில்லிமீட்டர் கம்பி ஒன்றும் போதும். துளைகள் நேருக்கு நேர் அமைவதுதான் சிக்கலான பகுதி. முதலில் இறக்கையின் அடிப்பகுதியில் இரண்டு துளைகளைப் போட்டு, கம்பித் துண்டுகளை ஒரு மில்லிமீட்டர் மட்டும் வெளியே நீட்டியிருக்குமாறு பசையின்றிச் செருகுங்கள். கம்பியின் முனையில் சிறிது வண்ணத்தைத் தொட்டு, இறக்கையை உடலில் சரியான இடத்தில் வைத்து அழுத்தினால் உடலின் மேல் இரண்டு புள்ளிகள் விழும். அந்தப் புள்ளிகளில் துளையிடுங்கள். உடலிலுள்ள ஒரு துளையைக் கம்பியைவிடச் சற்றுப் பெரிதாக்கிக்கொண்டால், ஒட்டும்போது கோணத்தைத் திருத்த இடம் கிடைக்கும்.

துளைகள் இப்போதே, உடலின் இரு பாதிகளும் பிரிந்திருக்கும்போதே போடப்பட வேண்டும். மூடிய பிறகு துளையிட்டால், பிட் எவ்வளவு ஆழம் போகிறது என்பது தெரியாமல் விமானி அறையின் பக்கச்சுவரைக் கிழித்துவிட வாய்ப்புண்டு.

9. விமானி அறை, காற்று உள்வாய், மூக்கின் எடை

உடலை மூடிய பின் தூரிகை எட்டாத இடங்கள் எல்லாவற்றுக்கும் இப்போதே வண்ணம் தீட்டுங்கள். மாருத்தில் விமானி அறையோடு, இரு பக்கக் காற்று உள்வாய்களின் உட்புறமும் பின்னாலுள்ள இரண்டு புகைபோக்கிகளும் அடங்கும். இருக்கைப் பட்டைகளை ஈயத் தாளிலோ மெல்லிய டேப்பிலோ வெட்டி ஒட்டலாம். இந்த அளவில் விமானி அறைக்குள் கண்ணுக்குத் தெரிவது இருக்கையும் கருவிப் பலகையும் மட்டுமே. மற்ற இடங்களுக்கு மிகுந்த உழைப்பைச் செலவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

மூக்கு எடைக்கு வருவோம். முன்சக்கரம் உள்ள எந்த விமானமும், எடை மையம் முதன்மைச் சக்கரங்களுக்கு முன்னால் இல்லாவிட்டால் வால் தரையில் படும்படி சாய்ந்துவிடும். மாருத்தின் இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்தவை என்பதால், கெட்டியான ரெசின் இறக்கைகள் எடையைப் பின்னால் இழுக்கும். டேப்பால் இணைத்த முழு மாதிரியையும், முதன்மைச் சக்கரங்கள் வரும் கோட்டின் கீழ் ஒரு பென்சிலை வைத்து அதன் மேல் நிறுத்துங்கள். மூக்கின் மேல் ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாக டேப்பில் ஒட்டிக்கொண்டே போய், மூக்கு கீழே இறங்கும் கணத்தில் நிறுத்தி, அதற்கு மேலும் இரண்டு குண்டுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தூண்டிலுக்கு விற்கும் சிறு ஈயக் குண்டுகளே போதும். தொட்ட பின் கையைக் கழுவுங்கள்.

இந்தக் குண்டுகளை எபாக்சியில்தான் பதிக்க வேண்டும். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையில் பதித்த ஈயம், சில ஆண்டுகளில் வேதிமாற்றமடைந்து வெண்பொடியாகப் பருத்து, மூக்கை உள்ளிருந்தே பிளந்துவிடும். கட்டி முடித்த மாதிரியில் அதற்கு மருந்து கிடையாது.

10. உடலை மூடுதலும் இறக்கை பொருத்துதலும்

உடலின் இரு பாதிகளையும் டேப்பால் இறுகக் கட்டிவிட்டு, இணைப்புக் கோட்டில் நீர்மச் சூப்பர் குளுவை ஊசிமுனையால் ஒரு துளி விடுங்கள். அது தானே கோடு வழியே ஓடும். ஒரே நேரத்தில் முழு நீளத்துக்கும் விடாமல், மூக்கு, நடு, வால் என்று இடம்விட்டுப் பிடித்தால் இடையில் திருத்த முடியும்.

இறக்கைக்கு மெதுவாக இறுகும் அரால்டைட்டைப் பயன்படுத்துங்கள். இறக்கை முனைகளின் கீழ் அட்டைத் துண்டுகளை அடுக்கி, இரு முனைகளும் ஒரே உயரத்தில் நிற்கச் செய்யுங்கள். முன்னிருந்து பார்க்கும் கோணத்தை வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். மேலிருந்து பார்க்கையில் மூக்கு நுனியிலிருந்து இடது முனைக்கும் வலது முனைக்கும் உள்ள தூரம் சமமாக இருக்க வேண்டும்; வால் நுனியிலிருந்தும் அப்படியே. நூலால் அளந்தாலே போதும். கண்ணளவை நம்பி விடப்பட்ட இறக்கைகளில் கோணல் இல்லாதவற்றை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

இணைப்பின் இடைவெளிகளை என்.சி. பட்டியால் நிரப்பி, முழுதாக உலர்ந்த பிறகு தேயுங்கள். மேற்பரப்புக் கோடுகள் அழிந்திருந்தால், தடித்த டேப்பை வழிகாட்டியாக ஒட்டி, ஊசியால் மிக மெல்ல இழுத்து மீண்டும் கீறுங்கள். அழுத்தி ஒரே முறை கீறினால் கோட்டின் ஓரம் பெயரும்.

11. கண்ணாடி மூடி

சிறு ரெசின் பெட்டிகளில் விமானி அறையின் மூடி பெரும்பாலும் வெற்றிட முறையில் உருவாக்கிய மெல்லிய தகடாக வரும். உட்பக்கத்தைக் களிமண்ணால் நிரப்பினால் வெட்டும்போது நசுங்காது. புதிய பிளேடால் எல்லைக் கோட்டில் பலமுறை மெல்லக் கீறி, தானே கழலும்வரை பொறுத்திருங்கள். சூப்பர் குளுவை இதன் அருகே கொண்டுவராதீர்கள். அதன் ஆவி கண்ணாடியை வெண்மையாக மங்கச் செய்யும். ஃபெவிகால் இங்கேதான் பயன்படும். அது உலர்ந்தால் நிறமற்றுப் போகும், தவறினால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். ஒட்டிய பின் கண்ணாடிப் பகுதிகளை டேப்பால் மறைத்துவிடுங்கள்.

12. பிரைமர்

பிளாஸ்டிக்கில் பிரைமர் இல்லாமலும் சிலர் சமாளிக்கிறார்கள். ரெசினில் அது கட்டாயம். வண்ணத்திலுள்ள கரைப்பான் ரெசினுக்குள் ஊடுருவுவதில்லை என்பதால், பிடிப்புக்குத் தனிப் பூச்சு தேவை. சாம்பல் நிறப் பிரைமர், அதுவரை கண்ணுக்குத் தெரியாத துளைகளையும் கீறல்களையும் காட்டிக்கொடுக்கும். அவற்றைத் திருத்தி அந்த இடத்தில் மீண்டும் பிரைமர் அடியுங்கள். இந்தச் சுற்று இரண்டு மூன்று முறை நிகழும், சலிப்படைய வேண்டாம்.

13. வண்ணம்

கோடைக்காலச் சேலத்தில் ஏர்பிரஷிலிருந்து கிளம்பும் அக்ரிலிக் துளிகள் மேற்பரப்பை அடைவதற்குள் உலர்ந்து, தொட்டால் சொரசொரப்பான பூச்சாகிவிடும். அதிகாலையில் அடியுங்கள், உலர்வைத் தாமதப்படுத்தும் திரவத்தைச் சில துளிகள் சேருங்கள். ஏற்காட்டில் சிக்கல் நேர் எதிரானது. ஈரக்காற்றில் அடித்த லாக்கர், நீராவி படிந்து பால்போல் வெளுத்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, பனி விலகி வெயில் வரும் நடுப்பகலுக்காகக் காத்திருந்து, கதவு, ஜன்னல் திறந்த காற்றோட்டமுள்ள அறையில், எரியும் சுடர் எதுவும் இல்லாமல், கரைப்பான் ஆவியைத் தடுக்கும் முகக்கவசத்தோடு அடிப்பதே பாதுகாப்பு.

வெளிர் நிறத்தை முதலிலும் அடர் நிறத்தைப் பிறகும் அடியுங்கள். ஒவ்வொரு நிறமும் ஒரு நாள் உலர்ந்த பிறகே டேப் ஒட்டலாம்.

14. டெகால்

மங்கலான பூச்சின் மேல் டெகாலை (நீரில் நனைத்து ஒட்டும் அச்சிட்ட சின்னப் படலத்தை) ஒட்டினால், அடியில் காற்று சிக்கி வெள்ளி நிறத்தில் பளபளக்கும். ஆகவே முதலில் பளபளப்பான வார்னிஷ். வாலைவடிநீரில் நனைத்து, இடத்தில் வைத்து, பஞ்சுக் குச்சியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரைத் தள்ளுங்கள். இந்திய விமானப் படையின் வட்டச் சின்னத்தில் பச்சை நடுவிலும் வெள்ளை இடையிலும் காவி வெளிப்புறத்திலும் வரும். அச்சான தாளை ஒட்டுவதற்கு முன் ஒருமுறை சரிபாருங்கள். மேற்பரப்புக் கோடுகளில் டெகால் படியாவிட்டால் மென்மையாக்கும் திரவத்தை ஒரு துளி விட்டு, உலரும்வரை தொடாமல் இருங்கள். அந்நேரத்தில் டெகால் சுருங்கியதுபோலத் தோன்றும். பயந்து இழுத்தால்தான் கிழியும்.

எல்லாம் உலர்ந்ததும் கோடுகளில் நீர்த்த கறுப்புப் பழுப்பைப் பாய்ச்சித் துடைத்து, கடைசியாக மங்கல் வார்னிஷ் அடியுங்கள்.

15. கால்களும் நுண் பகுதிகளும்

ரெசினில் வார்த்த சக்கரக் கால்களை நம்ப வேண்டாம். மூக்கு எடையும் கோடை வெப்பமும் சேர்ந்து சில மாதங்களில் அவற்றை வளைத்துவிடும். பித்தளைக் கம்பியை மையமாக வைத்துப் புதிதாகக் கட்டுங்கள், அல்லது பெட்டியில் உலோகக் கால்கள் இருந்தால் அவற்றையே பயன்படுத்துங்கள். மூன்று கால்களையும் எபாக்சியில் வைத்து, அது இறுகுவதற்கு முன் கண்ணாடித் தகட்டின் மேல் நிறுத்தி, எல்லாச் சக்கரங்களும் தரையைத் தொடுகின்றனவா என்று பாருங்கள்.

சக்கரக் கதவுகள், ஆன்டெனா ஆகியவை இதன் பின்னரே. வேகமானிக்கான பிட்டோ குழாய்க்கு, மருந்துக் கடையில் கிடைக்கும் மெல்லிய ஊசிக் குழலை வெட்டி, அதற்குள் இன்னும் மெல்லிய கம்பியைச் செருகினால், வார்த்த பகுதியைவிட நேர்த்தியாகவும் உறுதியாகவும் இருக்கும். ஊசியின் கூர்முனையை வெட்டும்போது அது தெறிக்கும். இடுக்கியால் பிடித்து, துணிக்கடியில் வைத்து வெட்டுங்கள். இதைப் பொருத்திய பிறகு மாதிரியை எடுக்க வேண்டியிருந்தால் உடலின் நடுப்பகுதியைப் பிடித்தே எடுங்கள். கண்ணாடி அலமாரியில் வைப்பதாக இருந்தால், மேற்கு வெயில் விழாத சுவராகத் தேர்ந்தெடுங்கள்.